தராசைக் கழித்துவிட்டு எடையைக் கற்றுத்தர முடியாது: வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கான பயிற்சித்தாள்களைத் தயாரிக்கும் குழுவினருக்கும்,

சேலத்தைச் சுற்றியும் சேர்வராயன் மலைமேலும் உள்ள தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம்.

சென்ற கூட்டத்தில் வாய்மொழியாக மூன்று விஷயங்கள் சொல்லப்பட்டன. பள்ளிகளில் இருக்கும் கைத்தராசுகளையும் எடைக்கற்களையும் பயன்படாத பொருள்களின் பட்டியலில் சேர்த்துக் கழித்துவிட வேண்டும். எடைப் பாடத்தைப் பயிற்சித்தாளோடு ஒரே பாடவேளையில் முடித்துக்கொள்ளலாம். வேண்டுமென்றால் பள்ளிக்கு ஒரு மின்னணுத் தராசு வாங்கிக்கொள்ளலாம். முதல் இரண்டையும் எங்களால் ஏற்க முடியவில்லை. மூன்றாவது இந்த வயதுக்கு உதவாது.

பயிற்சித்தாளிலிருந்தே தொடங்குகிறோம். எட்டு ஜோடிப் படங்கள். யானையும் எறும்பும், பூசணியும் எலுமிச்சையும், பேருந்தும் மிதிவண்டியும் என்று போகிறது. 'கனமானதை வட்டமிடுக' என்பது கேள்வி. எட்டிலும் பெரியதுதான் கனமானது. எடை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகூட எட்டுக்கு எட்டு வாங்கிவிடும். அதே தாளில் 'பெரியதை வட்டமிடுக' என்று கேள்வியை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், ஒரு வட்டம்கூட இடம் மாறாது. அப்படியானால் அந்தத் தாள் சோதிப்பது எடையை அல்ல. அதைவிட மோசம், 'பெரிசா இருந்தா கனமா இருக்கும்' என்று பிள்ளை ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதை எட்டு முறை 'சரி' போட்டு உறுதிப்படுத்துகிறது.

தமிழில் இந்தச் சிக்கல் ஒரு சுற்று கூடுதல். கனமான போர்வை என்றால் தடித்த போர்வை. பலகையின் கனம் என்று தச்சர் சொல்வது அதன் தடிமனை. மேல் வகுப்பில் 'கன அளவு' என்று வருவது அடைத்துக்கொள்ளும் இடத்தை. 'லேசு' என்றால் எடை குறைந்ததும் ஆகும், சுலபமானதும் ஆகும். ஆகவே 'எது கனம்?' என்று கேட்டால் ஒரு பிள்ளை தடித்த நோட்டைக் காட்டுவதில் தப்பே இல்லை, கேள்வியில்தான் தப்பு. முதல் இரண்டு நாள் அந்தச் சொல்லையே தொடாமல், 'ரெண்டையும் தூக்கிப் பாரு, எது கையை அதிகமா கீழே இழுக்குது?' என்று கேட்டால் குழப்பம் பாதி குறைகிறது. 'கனம், லேசு' என்ற சொற்களை அனுபவம் வந்த பிறகு அதன்மேல் ஒட்டவைத்தால் போதும். படத்தில் கையை இழுக்க எதுவும் இல்லை.

கையால் ஒப்பிடுவதற்கும் முறை இருக்கிறது. இரண்டு சின்ன மஞ்சப்பைகள், ஒரே அளவு. ஒன்றில் பை நிறையப் பொரி. இன்னொன்றின் அடியில் ஒரு உருண்டை வெல்லம். பிள்ளை கண்ணால் பார்த்துப் பொரிப் பையைக் காட்டும். இரண்டையும் ஆள்காட்டி விரலில் மாட்டச் சொல்லுங்கள், முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொள்ளட்டும். வெல்லப் பக்கத்து விரல் வளையும், மணிக்கட்டு இறங்கும், பிறகு அந்தத் தோள் மட்டும் தானாகச் சாயும். பிள்ளை பையைப் பார்க்கும், நம்மைப் பார்க்கும், மறுபடி பையைப் பார்க்கும். அந்தப் பாடவேளையில் நடக்கவேண்டிய பாடம் அந்த நேரத்தில் நடந்துவிடுகிறது. பிறகு கை மாற்றச் சொல்லவேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு கைக்கும் பாரம் ஒரே மாதிரி தோன்றாமல் போகலாம் என்பதால், கை மாற்றியும் அதே பதில் வந்தால்தான் பதில். உள்ளங்கையில் ஏந்தச் சொல்வதைவிட விரலில் தொங்கவிடுவது மேல். ஏந்தும்போது பொருளின் அகலம் கவனத்தை இழுக்கும். பைக்குள் போய்விட்டால் உருவமே மறைந்துவிடும்.

எந்த ஜோடியைக் கொடுப்பது என்பதில்தான் பாடம் தேறுவதும் கெடுவதும். முதல் நாள் ஒன்று மற்றதைப்போல 3 மடங்காவது இருக்கவேண்டும். அடுத்து 2 மடங்கு, பிறகு ஒன்றரை. அதற்கும் கீழே போனால் ஆறு வயதுக் கை ஊகிக்க ஆரம்பித்துவிடும், ஊகம் தப்பினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். 1 கிலோவுக்கு மேல் எதையும் கையில் கொடுக்கக் கூடாது, கால்விரலில் விழும். ஜோடிகளில் பாதியிலாவது சின்னதுதான் கனமாக இருக்கவேண்டும். வெள்ளைக்கல் (மேக்னசைட்) கிடைக்கும் கருப்பூர்ப் பக்கப் பள்ளிகளுக்கு இது பெரிய வேலையே இல்லை. கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளைக்கல்லும் தலையணை அளவு தெர்மாகோலும் போதும்.

கையும் ஏமாற்றும் என்பதால்தான் தராசைக் கேட்கிறோம். ஒரு சின்ன பவுடர் டப்பாவையும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னையும் எடுத்து, ஒவ்வொன்றும் டப்பாவோடு சேர்த்து 300 கிராம் வரும்படி மணல் போட்டு மூடி, அலுவலகத்தில் யாரிடமாவது தூக்கிப் பார்க்கக் கொடுங்கள். சின்னதுதான் கனம் என்று சொல்வார்கள். இரண்டும் சமம் என்று சொன்ன பிறகும் அப்படித்தான் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் சார்பென்டியே 1891-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். பெரியதைத் தூக்கும்போது கை அதிகப் பாரத்தை எதிர்பார்த்துத் தயாராகிறது, வருவது குறைவாக இருப்பதால் லேசாகப் படுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். கண் சொன்னதைக் கை திருத்தும், கை சொன்னதைத் தராசு திருத்தும். இந்த வரிசையில் கடைசிப் படியைத்தான் நீங்கள் கழிவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள்.

முன்பெல்லாம் மளிகைக் கடை வாசலிலேயே பிள்ளைகள் தராசைப் பார்த்துவிடும். இன்று உழவர் சந்தையிலும் தள்ளுவண்டியிலும் பெரும்பாலும் மின்னணுத் தராசுதான். இரண்டு தட்டு மேலும் கீழும் ஆடி நிற்பதைப் பார்க்க வகுப்பறையை விட்டால் வேறு இடம் அரிது. அந்த மின்னணுத் தராசையே வகுப்புக்கு வாங்கலாமே என்றால், அது காட்டுவது 0.250 என்றோ 1.200 என்றோ ஓர் எண்ணை. தசம எண் தெரியாத பிள்ளைக்கு அந்தப் புள்ளியும் சுழியும் எதையும் சொல்லாது. தவிர அதில் ஒப்பீடே கிடையாது. ஒரு பொருளை வைத்து, எண்ணைப் படித்து, நினைவில் வைத்து, அடுத்ததை வைத்து, இரண்டு எண்களை ஒப்பிடவேண்டும். எடைப் பாடம் அங்கே எண் பாடமாகிவிடுகிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு அதை வாங்கிக்கொடுங்கள், நன்றாகப் பயன்படும்.

பழைய இரும்புத் தராசுகளில் பல ஒழுங்காக ஆடுவதில்லை என்பது உண்மைதான். தராசின் தண்டு உட்கார்ந்து ஆடும் நடுக் கத்திமுனையில் துருவும் சாக்பீஸ் தூளும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேங்காயெண்ணெய் விடக் கூடாது, ஒரு வாரத்தில் தூசியைச் சேர்த்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சரியாகிவிட்டதா என்று பார்க்க எடைக்கல்கூட வேண்டாம். இரண்டு தட்டிலும் ஏதாவது போட்டுச் சமன் செய்து, பொருள்களை இடம் மாற்றிப் போட்டால் போதும். தாராளமாக ஆடி, மாற்றிய பிறகும் சமமாக நின்றால் தராசு நல்லது. சாய்ந்தால் கோளாறு தராசில். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே இந்தச் சோதனையைச் செய்வார்கள், அதுவும் ஆசையாக.

தேறாத தராசுக்குப் பதிலாகப் பள்ளியிலேயே செய்துகொள்ளலாம். மரக்கடையில் கிடைக்கும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு, 60 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனம். (பாருங்கள், இங்கேயும் அதே சொல்.) 3 செ.மீ. பக்கம் செங்குத்தாக நிற்கட்டும். நீளத்தில் நடு, அதாவது 30 செ.மீ., அங்கே மேல் விளிம்பிலிருந்து 7 மி.மீ. கீழே ஒரு துளை. இரண்டு முனையிலிருந்தும் 1 செ.மீ. உள்ளே, மேல் விளிம்பிலிருந்து 12 மி.மீ. கீழே இன்னும் இரண்டு துளைகள். நடுத்துளையில் நைலான் கயிறு கோத்து ஜன்னல் கம்பியிலோ இரண்டு பெஞ்சுக்கு நடுவே வைத்த கம்பிலோ தொங்கவிடலாம். ஆணியில் மாட்டுவதானால் துளை ஆணியைப்போல இரண்டு மடங்கு அகலமாக இருக்கவேண்டும், இறுக்கமாக இருந்தால் சாய்ந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மில்லிமீட்டர் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நடுத்துளையைப் பலகையின் சரிபாதி உயரத்திலோ அதற்குக் கீழேயோ போட்டால் வெறும் தராசே நிற்காது, தொட்டால் ஒரு பக்கம் கவிழ்ந்து அப்படியே கிடக்கும். முனைத்துளைகள் நடுத்துளையைவிட உயரத்தில் அமைந்துவிட்டால் இன்னும் வேடிக்கை. வெறும் தராசு அழகாக நிற்கும், இரண்டு பக்கமும் சமமாகப் போட்டதும் கவிழும். ஆசிரியர் மரம் வளைந்துவிட்டது என்று நினைப்பார், பிள்ளைகள் தராசு பொய் சொல்கிறது என்று நினைப்பார்கள். முனைத்துளைகளை நடுத்துளையின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கினால் தீர்ந்தது. ரொம்பவும் இறக்கினால் தராசு மந்தமாகி, சின்ன வித்தியாசத்துக்கு அசையாது.

தட்டுக்குக் கொட்டாங்குச்சியை மாட்டுவது நம் வழக்கம். ஒரே தேங்காயின் இரண்டு பாதிகூடச் சம எடை இருக்காது. ஒரே கம்பெனியின் இரண்டு தயிர் டப்பாக்கள் நல்லது. கயிறுகளின் நீளம் மில்லிமீட்டர் சுத்தமாகச் சமமாக இருக்கவேண்டும் என்று சிலர் மெனக்கெடுகிறார்கள், அது தேவையில்லை. கயிறும் டப்பாவும் சேர்ந்த எடைதான் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். குறைந்த பக்கத்தில் ஒரு சிட்டிகைக் களிமண்ணை ஒட்டிச் சரிசெய்யலாம். டப்பாக்கள் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தொங்கட்டும். அதிகம் உயர்ந்தால் கொட்டிவிடும், தாழ்ந்தால் தரை தட்டி நின்று 'சமம்' என்று பொய் சொல்லும். பின்னால் ஓர் அட்டையில் மட்டக்கோடு போட்டுவைத்தால் சமமா இல்லையா என்ற சண்டை வராது. மின்விசிறியை நிறுத்திவிடவேண்டும், இதை மறந்துவிட்டுத் தராசைத் திட்டுகிறவர்கள் எங்களிலும் உண்டு.

அரசு முத்திரை இல்லாத தராசைப் பள்ளியில் வைக்கலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். முத்திரை விற்பனைக்குப் பயன்படுத்தும் தராசுக்கு. இரண்டு தயிர் டப்பா தொங்கும் ரீப்பர் கட்டையில் யாரும் எதையும் விற்கப்போவதில்லை.

தராசைக் கொண்டுவந்த அன்றே பாடம் நடந்துவிடாது. மேலே போன தட்டைக் காட்டி 'இதுதான் டீச்சர் ஜெயிச்சுது' என்று பிள்ளைகள் சொல்வது வழக்கம். மேலே என்றால் அதிகம், உயரம், முதல் இடம் என்றுதான் மற்ற எல்லாப் பாடத்திலும் பழக்கியிருக்கிறோம். அதனால் ஒரு நாள் முன்பே பிள்ளையையே தராசாக்கி நிறுத்தவேண்டும். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, கைக்கு ஒரு பை மாட்டி, கனமான பக்கம் சாயச் செய்யலாம். மறுநாள் கட்டைத் தராசைப் பார்த்ததும் 'கை மாதிரியே' என்று தாங்களாகவே சொல்வார்கள். பூங்காவில் இருக்கும் சீசாவை உதாரணம் காட்டாமல் இருப்பது நல்லது. அதில் உட்காரும் இடத்தைப் பொறுத்து முடிவு மாறும், லேசான பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்தால் கனமான பிள்ளையைத் தூக்கிவிடும்.

ஒவ்வொரு முறையும் முதலில் கையால் தூக்கிப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும், அதன் பிறகே தட்டில் வைக்கவேண்டும். இந்த வரிசை மாறினால் தராசு வெறும் ஆட்டமாகிவிடும். 25 பேருக்கு ஒரு தராசு என்றால் 2 பேர் செய்வார்கள், 23 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஐந்து பேருக்கு ஒன்று வேண்டும்.

இரண்டு பொருள் பழகியதும் மூன்று. அ-வைவிட ஆ கனம், ஆ-வைவிட இ கனம், அப்படியென்றால் அ-வும் இ-யும்? பெரும்பாலான ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி தட்டில் வைத்துத்தான் சொல்வார்கள். வைக்கட்டும். அவசரப்படுத்த வேண்டாம்.

அதற்கடுத்து எத்தனை 'கல்லுக்கு'ச் சமம் என்று எண்ணுவது. புளியங்கொட்டை கைக்கு எளிதில் கிடைக்கும், ஆனால் கொட்டைக்குக் கொட்டை எடை மாறும். ஒரே எலுமிச்சைக்கு ஒரு குழு 52 என்றும் மறு குழு 61 என்றும் சொல்லும். அதையே 'ஏன் மாறுச்சு?' என்று பாடமாக்கலாம், ஆனால் அடுத்த நாள் சீரான ஒன்று வேண்டும். நாணயம் நினைவுக்கு வரும். ஒரு ரூபாய் நாணயத்திலேயே பழைய பெரியது 4.85 கிராம், 2011 வரிசை 3.79, 2019 வரிசை 3.09. கலந்து போட்டால் கணக்கு நாறிவிடும். ஹார்டுவேர் கடையில், மூக்கில் போட்டுக்கொள்ள முடியாத பெரிய நட்டாக, ஒரே அளவில் 20 வாங்கினால் ஆண்டுகணக்கில் உழைக்கும். வெள்ளி வேலை நடக்கும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் யாராவது பழைய வழக்கப்படி குன்றிமணியைக் கொண்டுவந்தால் மறுத்துவிடவேண்டும். பொன்னும் வெள்ளியும் நிறுத்த விதைதான், ஆனால் உள்ளே கொடிய நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படியே.

மலைப்பள்ளிகளுக்கும் தரைப்பள்ளிகளுக்கும் ஒரே படத்தாள் என்பது இன்னொரு வருத்தம். ஏற்காட்டில் ஒரே அளவு டம்ளர் இரண்டில் ஒன்றில் பச்சைக் காப்பிக்கொட்டையும் மற்றதில் வறுத்த கொட்டையும் நிரப்பிக் கொடுங்கள். வறுபடும்போது கொட்டை பருக்கிறது, ஈரம் போய் 100 கிராம் சுமார் 85 கிராமாகிறது. டம்ளருக்கு டம்ளர் பச்சை ஏறத்தாழ இருமடங்கு கனம். மிளகிலும் அதே கதைதான். ஒரு லிட்டர் மிளகு 550 கிராம் இருந்தால் நல்ல மிளகு என்று வியாபாரி வாங்குவார், பொக்கு மிளகு அந்த அளவுக்கு வராது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு 'அளவு ஒன்று, எடை வேறு' என்பது வீட்டிலேயே கிடைக்கும் பாடம். சேலத்தில் அதற்கு ஜவ்வரிசியும் பொரியும். இவையெல்லாம் வாசலில் இருக்க, பார்த்தே இராத யானையை எடைபோடச் சொல்கிறோம்.

மதிப்பீட்டுத் தாளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். களிமண் உருண்டையைத் தட்டையாக்கினால் எடை மாறுமா என்ற கேள்வி இரண்டாம் வகுப்புக்கு வந்திருக்கிறது. மண்ணின் அளவு மாறவில்லை என்பது 7, 8 வயதிலும், எடை மாறவில்லை என்பது 9, 10 வயதிலும்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடும் என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார். தராசில் வைத்துக் காட்டினாலும் 'இப்ப சரி, ஆனா அப்ப கனமா இருந்துச்சு' என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லும். அதற்கு மதிப்பெண் குறைத்து 'அரும்பு' என்ற அடிமட்ட நிலையில் போடுவது வயதுக்குத் தண்டனை.

2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது செயல்பாட்டின் வழியாகக் கற்பதைத்தான் எங்களிடம் வலியுறுத்தினீர்கள். அதே கையால் செயல்பாட்டுக்கான பொருளைக் கழிக்கச் சொல்வது பொருந்தவில்லை. எங்கள் கோரிக்கைகள் இவை:

தராசு, எடைக்கற்களைக் கழிக்கச் சொன்ன வாய்மொழி உத்தரவை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். பட்டியல் ஏற்கெனவே போய்விட்ட பள்ளிகளிலிருந்து பொருள் இன்னும் வெளியேறவில்லை என்றால் அதை நிறுத்திவையுங்கள்.

எடைப் பாடத்துக்கு ஒரு பாடவேளை போதாது. கைக்கு ஒன்று, மனிதத் தராசுக்கு ஒன்று, கட்டைத் தராசுக்கு ஒன்று, நட்டு எண்ணுவதற்கு ஒன்று என நான்கு பாடவேளைகளாவது கொடுங்கள், அடுத்தடுத்த நாள்களில்.

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு தராசு என்ற கணக்கில் ரீப்பர், கயிறு, டப்பா, நட்டு வாங்கப் பள்ளி நிதியிலிருந்து செலவிட அனுமதி தாருங்கள். ஒரு மின்னணுத் தராசுக்கு ஆகும் தொகைக்குள் ஒரு வகுப்புக்குத் தேவையானதைச் செய்துகொள்வோம்.

பயிற்சித்தாளைத் திருத்தும் வரை இந்தப் பாடத்தில் அதைக் கட்டாயமாக்க வேண்டாம். திருத்தும்போது பாதி ஜோடிகளில் சின்னது கனமாக இருக்கட்டும், சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் அந்தந்த ஊர்ப் பொருள்கள் வரட்டும். களிமண் கேள்வியை இரண்டாம் வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மதிப்பீட்டை மூன்று பைகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லி நேரில் வையுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

அடுத்த வட்டாரக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்து கட்டைத் தராசுகளும் 300 கிராம் டப்பாக்கள் இரண்டும் நாங்கள் கொண்டுவருகிறோம். மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள்
சேலம் – ஏற்காடு